எட்டு மணி மாத்திரை

கண்ணு,

முதலில் ஓர் இடத்தில் உட்கார். பஸ்ஸில் நின்றுகொண்டோ, கம்பெனி கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டோ இதைப் படிக்காதே. நீளமாக எழுதப்போகிறேன். நீளமாக எதைப் படித்தாலும் பாதியில் எங்கிருந்து தொடங்கினோம் என்பது உனக்கு நழுவிப்போகும் என்று எனக்குத் தெரியும். அதனால் பச்சை நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள். ஒரு பத்தி முடிந்ததும் ஒரு வரி குறித்துக்கொண்டு அடுத்ததற்குப் போ. இதை வேறு யார் எடுத்துப் படித்தாலும் எனக்கு வெட்கமில்லை. சொந்தக்காரர்கள் படிக்கட்டும், பால் சொசைட்டியில் சத்தமாக வாசிக்கட்டும். உன் பெரியப்பா படித்தால் எனக்கு இன்னும் சந்தோஷம். நான் நல்ல மனதோடு இதை எழுதவில்லை என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். எட்டு வருடமாக ஒருவர் மேல் வைத்திருக்கும் வன்மத்தோடுதான் எழுதுகிறேன். அதற்காக இதில் ஒரு சொட்டுத் தண்ணீரும் கலக்கவில்லை. இருபத்திரண்டு வருடம் பாலில் தண்ணீர் கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவள் நான்.

போன ஞாயிற்றுக்கிழமை கல்யாணப் பத்திரிகைக் கட்டோடு பெரியப்பா நம் வீட்டுக்கு வந்திருந்தாரே, அன்று நடந்ததை நீ குறித்து வைத்திருக்கிறாயோ என்னவோ. நான் குறித்து வைத்திருக்கிறேன். நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு உன்னிடம் சொன்னார்: "தம்பி, அன்னிக்கு ஒரு நாளைக்கு அந்த அலாரத்த அமத்திப்போடு. முகூர்த்தம் ஏழரையிலிருந்து ஒம்பது. மணவறைல உக்காந்துட்டு நீ மாத்தர முழுங்கீட்டு இருந்தா பொண்ணூட்டுக்காரங்க என்னன்னு நெனைப்பாங்க? எல்லாம் முடிஞ்ச பொறகு போட்டுக்கலாம்." நீ தலையாட்டினாய். "நந்தினிகிட்ட இதப்பத்தியெல்லாம் ஒண்ணும் பேசிக்க வேண்டாம். ஒரு கொழந்த ஆச்சுன்னா அப்பறம் தானா ஒத்துப்போயிரும்" என்றார். அதற்கும் தலையாட்டினாய். அவர் கார் கிளம்பிப் போன பிறகு நான் முணுமுணுத்ததைக் கேட்டு, "பெரியப்பாவ ஒண்ணும் சொல்லாதீங்கம்மா. அவர் இல்லீன்னா நான் இன்னைக்கு உசுரோட இருக்க மாட்டேன்" என்றாய். அந்த ஒரு வாக்கியம்தான் என்னை இந்தப் பேனாவை எடுக்க வைத்தது. உன் நினைவில் இல்லாத இடத்தில் அந்த மனுஷன் தன் படத்தை மாட்டி மாலையும் போட்டுக்கொண்டிருக்கிறார். ஆணியோடு அதைப் பிடுங்காமல் உன்னை மணவறைக்கு அனுப்ப எனக்கு மனமில்லை.

உனக்கு அப்போது பதினேழு வயது. பிளஸ் டூ பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்காகக் காத்திருந்தாய். அப்பா போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. மூன்று நாளாகக் காய்ச்சல், தலைவலி. நான் கஷாயம் போட்டேன், தைலம் தேய்த்தேன். மூன்றாம் நாள் மத்தியானம் நீ எழுந்து வந்து, "அம்மா, பால் தீயுது" என்றாய். அடுப்பில் பாலே இல்லை. அடுப்பு பற்றவைக்கவே இல்லை. காட்டினேன், போய்ப் படுத்தாய். கொஞ்ச நேரத்தில் திரும்ப வந்து, "பால் தீயுதுன்னு சொல்றேன், கேக்க மாட்டீங்கறீங்க" என்று கத்தினாய். என்னிடம் நீ அதுவரை கத்தியதே கிடையாது. அப்புறம் என்னை டீச்சர் என்று கூப்பிட்டாய். சோற்றுத் தட்டில் சொம்புத் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு, ஏதோ பெரிய வேடிக்கை பார்த்ததுபோல் சிரித்தாய். வடகரப்பதியில் நம் சொந்தத்தில் அன்று கார் வைத்திருந்தது பெரியப்பா ஒருவர்தான். கூப்பிட்டேன். உடனே வந்தார். அதை நான் மறைக்க மாட்டேன். உடனே வந்தார் என்பது உண்மை.

அது கேரளாவின் வடக்கே வவ்வால் காய்ச்சல் என்று எல்லாரும் நடுங்கிக்கொண்டிருந்த நேரம். நிபா என்று பேப்பரில் போடுவார்கள். கேரளா வண்டி எதுவாக இருந்தாலும் தமிழ்நாட்டு எல்லையில் நிறுத்தி, காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்துத்தான் விட்டார்கள். நமக்கோ ஆசுபத்திரி, மார்க்கெட், துணிக்கடை, சம்பந்தம் எல்லாம் அந்தப் பக்கம். ரேஷன் கார்டு மட்டும் இந்தக் கேரளாப் பக்கம். அதனால் நம் ஊர் ஆட்கள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். சோதனைச்சாவடிக்கு முன்னால் இருக்கிற திருப்பத்தில் வண்டியை நிறுத்து, ஒரு காய்ச்சல் மாத்திரை போடு, நெற்றியில் ஈரத்துணி வை, அரை மணி கழித்துப் போ. சளி பிடித்த சின்னப் பிள்ளைகளைக்கூட அப்படித்தான் கடத்திக்கொண்டு போனோம். யாரும் அதைத் தப்பு என்று நினைக்கவில்லை. சாமர்த்தியம் என்றுதான் நினைத்தோம். பெரியப்பாவும் அந்தத் திருப்பத்தில் நிறுத்தினார். மருந்துக்கடையில் ஓர் அட்டை மாத்திரை வாங்கிவந்து என் மடியில் போட்டார். நான் உன் வாயில் ஒன்றைப் போட்டு, முந்தானையை நனைத்து உன் நெற்றியில் வைத்தேன். சாவடியில் ஒருவர் குனிந்து பார்த்து, "யாருக்காவது காய்ச்சல் இருக்குதுங்களா?" என்று கேட்டார். "இல்லீங்க. பையன் பரிட்சைக்குக் கண்ணு முழிச்சுப் படிச்சு தூக்கமில்லாமக் கெடக்கறான்" என்றார் பெரியப்பா. விட்டுவிட்டார்கள். இதுவரைக்கும் நடந்ததற்கு நான் அவரைத் தனியாகக் குற்றம் சொல்லமாட்டேன். இதில் ஊரே கூட்டு.

அதற்கு அப்புறம் நடந்ததற்குத்தான் நான் அவரை விடப்போவதில்லை. கோயமுத்தூரில் உன்னைச் சேர்த்தோம். டாக்டர் சின்ன வயசுக்காரர், நல்ல மாதிரி. நேராக என்னைப் பார்த்துத்தான் கேட்டார்: "அம்மா, ரெண்டு மூணு நாளா காய்ச்சல் இருந்துச்சா?" நான் வாயைத் திறப்பதற்குள், "காய்ச்சலெல்லாம் இல்லீங்க டாக்டர். அப்பன் செத்த பொறகே பையன் ஒரு மாதிரிதான் இருக்கறான்" என்று பெரியப்பா சொல்லிவிட்டார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். என்னை நடைவழிக்குக் கூட்டிக்கொண்டு போனார். "அம்மணி, வெள்ளிக்கெழமை எம் புள்ளைக்கு நிச்சியம். இன்னும் நாலே நாளு. கேரளாலிருந்து காய்ச்சலோட வந்துருக்கறான்னு தெரிஞ்சா இவனத் தனியாத் தூக்கிப் போட்டுருவாங்க. நம்ம பேரையெல்லாம் எழுதி ஊட்டு வாசல்ல ஆள நிறுத்திருவாங்க. மாப்பளையூட்டுக்காரங்க ஓடியே போயிருவாங்க. அந்த மாத்தரய நேரம் பாத்துக் குடுத்துட்டே இரு. காய்ச்சல் தானா எறங்கீரும்." நான் கேட்டேன், "ஏனுங் மாமா, டாக்டருகிட்ட மட்டுமாவது சொல்லிப்போடலாமுங்களே?" அதற்கு அவர் சொன்ன பதில்: "உனக்கு வேலை வாங்கிக் குடுத்தது ஆரு? சொன்னாக் கேளு."

சொசைட்டிக்கு அப்போதும் அவர்தான் தலைவர். உன் அப்பா உயிரோடு இருந்தபோதே எனக்கு அந்த வேலை அவர் சொல்லித்தான் கிடைத்தது. உன் அப்பா போன பிறகு அந்த வேலை ஒன்றுதான் நமக்குச் சோறு. இதை நான் சாக்காகச் சொல்லவில்லை. சாக்காகவும் சொல்கிறேன். கண்ணு, இந்த இடத்தில் நோட்டில் ஒரு வரிக்குப் பதில் இரண்டு வரி எழுதிக்கொள். அந்த மாத்திரையை உனக்கு இரண்டு நாள் கொடுத்தது பெரியப்பா இல்லை. நான். விழுங்கமாட்டேன் என்று நீ துப்பினாய். அதனால் தூளாக்கி டீயில் கலந்து கொடுத்தேன். நர்ஸ் வந்து காய்ச்சல் பார்க்கும் நேரத்தைத் தெரிந்துகொண்டு, அதற்கு முன்னால் கொடுத்தேன். ஒவ்வொரு தடவையும் கருவி நல்லபடியாகக் காட்டியது. ஒவ்வொரு தடவையும் எனக்கு நிம்மதியாக இருந்தது. ஊரெல்லாம் கறக்கும் பாலில் கலப்படம் பிடித்தவள், பெற்ற பிள்ளைக்கு டீயில் கலந்து கொடுத்தேன்.

காய்ச்சல் இல்லை, ஆனால் பையன் உளறுகிறான், அடிக்க வருகிறான் என்றால் டாக்டர்தான் என்ன நினைப்பார்? மனக்கோளாறா, போதைப்பழக்கமா என்று யோசித்தார். "கஞ்சா கிஞ்சா பழக்கம் உண்டா?" என்று கேட்டார். வேறு மனுஷனாக இருந்தால் இல்லை என்று அடித்துச் சொல்லியிருப்பான். உன் பெரியப்பா உதட்டைப் பிதுக்கி, "இந்தக் காலத்துப் பசங்க, ஆரு கண்டாங்க?" என்றார். பீடிப் புகையே ஆகாத பையனை, அவன் காது கேட்க அப்படிச் சொன்னார். உனக்குத் தூக்க ஊசி போட்டார்கள். நீ வாயைத் திறந்தபடி தூங்கினாய். நான் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து டீ டம்ளரைக் கழுவினேன்.

ஆசுபத்திரியில் மூன்றாம் நாள் காலையில் ஒரு நர்ஸ் பெண் என் கையைப் பிடித்துவிட்டாள். நம் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பெண். என் முந்தானை முடிச்சில் மாத்திரை அட்டை தெரிந்திருக்கிறது. திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் குரலைத் தாழ்த்தி, "சேச்சி, நானும் செக்போஸ்ட் தாண்டித்தான் டெய்லி வேலைக்கு வர்றேன். எனக்கு எல்லாம் தெரியும். பையனுக்குப் பனி உண்டாயிருந்ததா, இல்லையா? சத்தியம் சொல்லுங்க" என்றாள். நம் பக்கத்தில் காய்ச்சலைப் பனி என்றுதானே பாதிப் பேர் சொல்கிறோம். சொந்த ஊர்ப் பேச்சில் கேட்டதும் நான் உடைந்துவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்த ஐந்து நிமிடத்துக்காக இரண்டு நாள் காத்திருந்திருக்கிறேன். அவள் டாக்டரிடம் ஓடினாள். அவர் வந்து சேர்வதற்குள் உன் வலது கை துடிக்க ஆரம்பித்தது. அப்புறம் முகம், அப்புறம் உடம்பு முழுக்க. கட்டில் சுவரில் இடித்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அதுதான் உன் முதல் வலிப்பு.

அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. தலையை ஸ்கேன் எடுத்தார்கள். முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். சோதனை முடிவு வரும் வரைக்கும் காத்திருக்க முடியாது என்று வைரஸுக்கான மருந்தை அப்போதே நரம்பில் ஏற்றினார்கள். மூளைக்காய்ச்சல் என்றார் டாக்டர். எனக்குப் புரியும்படி அவர் உட்கார்ந்து சொன்னதை உனக்கும் சொல்கிறேன், ஏனென்றால் நந்தினி கேட்டால் நீ சொல்ல வேண்டும். உதட்டோரத்தில் சிலருக்குச் சின்னக் கொப்புளம் வந்து போகுமே, அதை உண்டாக்கும் கிருமிதான் இது. ஊரில் முக்கால்வாசிப் பேர் உடம்பில் இருக்குமாம். முகத்து நரம்பு முடிச்சில் சத்தமில்லாமல் படுத்துக் கிடக்கும். லட்சத்தில் ஒருவருக்கு, ஏனென்று யாருக்கும் தெரியாமல், அது மூளைக்குள் ஏறிவிடுகிறது. ஏறினால் காதுக்கு உள்பக்கம் இருக்கும் இடத்தைத்தான் தேடிப்போய்த் தாக்கும். வாசனையை, வார்த்தையை, ஞாபகத்தை எல்லாம் வைத்திருக்கும் இடம் அது. இல்லாத பால் தீய்ந்த வாசனை உனக்கு வந்தது அதனால்தான். அன்று மத்தியானமே உன் மூளை என்னிடம் வந்து முறையிட்டிருக்கிறது. எனக்குத்தான் கேட்கத் தெரியவில்லை. அங்கே வெந்துபோகும் இடம் வெந்ததுதான், தழும்பாகிவிடும். அந்தத் தழும்பிலிருந்துதான் பிறகு வலிப்பு கிளம்பும். அதை அடக்கத்தான் காலை எட்டு மணிக்கும் ராத்திரி எட்டு மணிக்கும் உனக்கு மாத்திரை.

"ரெண்டு நாள் முன்னாடியே சொல்லியிருந்தா எம் பையன் முழுசாக் கெடச்சிருப்பானுங்களா?" என்று டாக்டரைக் கேட்டேன். "எவ்வளவு சீக்கிரம் மருந்து ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லதும்மா. எவ்வளவு நல்லா இருந்திருப்பான்னு என்னால சொல்ல முடியாது" என்றார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அதை வாளாக எடுத்துக்கொண்டு போயிருப்பேன். அவர் தரவில்லை. இன்னொன்றும் சொன்னார். இந்தக் காய்ச்சல் பக்கத்தில் இருப்பவரைத் தொற்றாதாம். காய்ச்சல் என்று முதல் நாளே சொல்லியிருந்தால் அவர்கள் சோதித்துப் பார்த்து, வவ்வால் காய்ச்சல் இல்லை என்று நம்மை விட்டிருப்பார்கள். யார் வீட்டு வாசலிலும் ஆளை நிறுத்தியிருக்கமாட்டார்கள். நிச்சயதார்த்தம் அதுபாட்டுக்கு நடந்திருக்கும். வீணாகப் போன பொய் கண்ணு அது. ஒருத்தருக்கும் உபயோகமில்லாமல் உன் தலைக்குள் இறங்கிய பொய்.

நிச்சயதார்த்தம் வெள்ளிக்கிழமை ஜோராக நடந்தது. சனிக்கிழமை பெரியப்பா ஒரு டப்பா ஜாங்கிரியோடு ஆசுபத்திரிக்கு வந்தார். நீ மூக்கில் குழாயோடு கிடந்தாய். டப்பாவை என் கையில் திணித்து, "எடுத்துக்க அம்மணி, நல்ல காரியம் நடந்துருக்குது" என்றார். நிச்சயமான உன் அக்கா, பெரியப்பா மகள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவளுக்கு எதுவும் தெரியாது, பாவம். அந்த ஜாங்கிரியை நான் படிக்கட்டில் படுத்திருந்த நாய்க்குப் போட்டேன், ஒன்று விடாமல்.

நீ கண் விழித்துப் பேச ஆரம்பித்தது மூன்றாவது வாரம். முதலில் கேட்டது, "அப்பா எப்பங்கம்மா வருவாரு?" உன் ஞாபகத்தில் கடைசி மூன்று வருடம் இல்லை. அப்பா செத்தது அந்த மூன்று வருடத்துக்குள் இருந்தது. நான் சொன்னேன். அன்றுதான் கேள்விப்பட்டதுபோல் நீ அழுதாய். அன்றுதான் கேள்விப்பட்டாய். அழுது களைத்துத் தூங்கி எழுந்து, "அப்பா எப்பங்கம்மா வருவாரு?" என்றாய். புதிதாக எதுவும் உன் தலையில் தங்கவில்லை. திரும்பச் சொன்னேன், திரும்ப அழுதாய். எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. எண்ணியிருந்தால் யாரையாவது கொன்றிருப்பேன். என் புருஷனுக்கு ஊர் ஒரு தடவை ஒப்பாரி வைத்தது. உனக்கு நான் மாதக்கணக்கில் வைத்தேன். கடைசியில் அந்த நர்ஸ் பெண்தான் ஒரு பச்சை நோட்டு வாங்கித் தந்து, "சேச்சி, எழுதி வைங்க, அவனே படிச்சுக்கட்டும்" என்றாள். இப்போது நீ வைத்திருப்பது எத்தனையாவது நோட்டோ. முதல் நோட்டின் முதல் பக்கத்தில் என் கையெழுத்தில் ஒரு வரி இருக்கிறது: 'அப்பா இறந்துவிட்டார். நீ அழுதாகிவிட்டது.' அது பெட்டியில் என் சேலைகளுக்கு அடியில் இருக்கிறது.

நீ கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினாய். அலாரம் வைத்துக்கொண்டாய், எழுதி எழுதி வாழக் கற்றாய். இன்று பம்பு கம்பெனியில் சோதனைப் பிரிவில் உன்னைத்தான் நம்புகிறார்கள், ஏனென்றால் நீ ஒருவன்தான் ஞாபகத்தை நம்பாமல் பார்த்ததை அப்போதைக்கப்போதே எழுதுகிறாய். நீ தேறத் தேறப் பெரியப்பாவின் கதையும் வளர்ந்தது. "காத்தாப் பறந்தேன் தம்பி. செக்போஸ்ட்டுக்காரன் மறிச்சான், எம் பையன் உசுரு போவுதுடான்னு ஒரு சத்தம் போட்டேன், ஒதுங்கிட்டான்" என்பார். நீ வாயைப் பிளந்து கேட்பாய். நான் அடுப்படியில் பாத்திரத்தை உருட்டுவேன். ஒரு நாள் பொறுக்க முடியாமல், "உண்மையை நான் சொல்லட்டுங்களா?" என்று கேட்டேன். நீ குளிக்கப் போயிருந்தாய். அவர் அசையவே இல்லை. "சொல்லேன். மாத்தரயக் கலக்கிக் குடுத்தது ஆருன்னு கேப்பான். அதையும் சேத்தே சொல்லு" என்றார். எட்டு வருடம் என் வாயைக் கட்டிய கயிறு அதுதான். வேலை போகும் என்ற பயம்கூட அப்புறம்தான்.

ஆனால் நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதே. அன்றிலிருந்து அவர் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை. அக்கா கல்யாணத்தில் பந்தி முழுக்கப் பரிமாறிவிட்டு, பசியோடு பஸ் ஏறி வந்து நம் வீட்டில் பழைய சோறு தின்றேன். தலைவர் வீட்டுப் பால் என்று அதுவரை பேருக்குப் பார்த்துவிட்ட அவர் கேனில் தினமும் லாக்டோமீட்டரை முக்கினேன். ஒரு நாள் சிக்கியது. கறவைக்காரன் செய்த வேலையாக இருக்கும். இருந்தாலும் வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும், "தலைவர் ஊட்டுப் பாலுல தண்ணியிருக்குதுங்க, எடுக்க முடியாதுங்க" என்று உரக்கச் சொல்லித் திருப்பி அனுப்பினேன். அவர் முகம் காதுவரை சிவந்தது. அன்று ருசித்துச் சாப்பிட்டேன். அவருக்கு முழங்கால் ஆபரேஷன் என்று கேட்டபோது உள்ளுக்குள் சிரித்தேன். இதெல்லாம் சின்னத்தனம்தான். ஆனால் ஒவ்வொன்றும் எனக்கு ஒரு நாளைக்குத் தெம்பு தந்தது, பொய் சொல்லமாட்டேன்.

போன மாதத்தோடு என் வேலை முடிந்துவிட்டது. இனி அவர் என்னிடமிருந்து பிடுங்க ஒன்றுமில்லை. மாத்திரை கொடுத்த கதையையும் நானே சொல்லிவிட்டேன், அந்தக் கயிறும் போயிற்று. நீ என்னை வெறுக்கலாம். உனக்கு அந்த உரிமை உண்டு. நாளைக்கே மறந்துவிடுவாய் என்ற தைரியத்தில் நான் இதைச் சொல்லவில்லை, அதனால்தான் காகிதத்தில் எழுதித் தருகிறேன்.

இப்போது பார், அதே மனுஷன், அதே பேச்சு. அன்று டாக்டரிடம் காய்ச்சல் இல்லை. இன்று நந்தினியிடம் ஒன்றுமே இல்லை. மாப்பிள்ளை ஏன் பைக் ஓட்டுவதில்லை என்று அவள் அப்பா கேட்டதற்கு, "அவனுக்கு பைக்குன்னா புடிக்காதுங்க" என்றாராம். அன்று நீ படுத்திருந்தாய், உன்னைக் கேட்காமல் உனக்காகப் பொய் சொன்னார்கள். இன்று நீ உட்கார்ந்திருக்கிறாய், தலையாட்டுகிறாய். என்றாவது ஒரு நாள் அவள் முன்னால் உனக்கு வலிப்பு வந்தால், அந்தப் பெண் என்னவென்று தெரியாமல் கையில் சாவிக்கொத்தைத் திணித்துக்கொண்டும் வாயில் தண்ணீர் ஊற்றிக்கொண்டும் நிற்பாள். உன்னை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதுவும் வைக்கக்கூடாது என்று அவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? முன்பு ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத் துணிவில்லாமல் டாக்டர் கண்ணைக் கட்டினேனே, அதேபோல் அவளையும் கண்ணைக் கட்டி உன் பக்கத்தில் உட்கார வைக்க நான் விடமாட்டேன்.

அவளிடம் நீயே சொல். இது பரம்பரை நோய் இல்லை, பிறக்கும் பிள்ளைக்கு இதனால் வராது, யாருக்கும் ஒட்டாது. மாத்திரையைத் தவறாமல் போட்டால், தூக்கம் கெடாமல் இருந்தால், நீ எல்லாரையும்போல் வாழலாம். மூன்று வருடமாக உனக்கு ஒரு தடவைகூட வரவில்லை. சில நாள் கோபம் மூக்குக்கு மேல் வரும், அது உன் குணம் இல்லை, அந்தத் தழும்பு. சொன்னதையே திரும்பக் கேட்பாய். இதையெல்லாம் கேட்டுவிட்டு அவள் வேண்டாம் என்றால், அவள் நல்லவள்தான், அழுதுவிட்டு விட்டுவிடு. சரி என்றால் மட்டும் தாலி கட்டு. வரும் ஞாயிற்றுக்கிழமை வரை உனக்கு நேரம் தருகிறேன். நோட்டில் இன்றைய பக்கத்தில் எழுதிக்கொள். அதற்குள் நீ சொல்லவில்லை என்றால், திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சியில் அவள் வீட்டுக்குப் போய் நானே சொல்வேன். இந்தத் தடவை எந்தத் திருப்பத்திலும் இறங்கமாட்டேன்.

அவள் சரி என்று சொல்லிக் கல்யாணம் நடந்தால், அன்று நடக்கப்போவதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அப்பா இடத்தில் பெரியப்பாதான் நிற்பார். தாலி இழந்தவள் மணவறை ஏறக்கூடாது என்று என்னை மூன்றாவது வரிசையில் உட்கார வைத்திருப்பார்கள். இருக்கட்டும், அவரே நிற்கட்டும், நான் தடுக்கமாட்டேன். நீ அந்த அலாரத்தை மட்டும் அணைக்காதே. எட்டு மணிக்கு அது அடிக்கும். மேளம் அடங்கும். எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். அப்போது நான் எழுந்து மணவறைக்கு ஏறி வருவேன். யார் தடுக்கிறார்கள் என்று பார்க்கிறேன். ஆசுபத்திரியில் முந்தானையில் மாத்திரையை முடிந்து வைத்தவள், இந்தத் தடவை உன் எட்டு மணி மாத்திரையை உள்ளங்கையில் விரித்து வைத்துக்கொண்டு வருவேன், எந்த டீயிலும் கலக்காமல், கடைசி வரிசைக்கும் தெரியும்படி. உன் பெரியப்பா கையில் தண்ணீர் டம்ளரைக் கொடுப்பேன். "மாமா, புடிங்க. எம் பையன் மாத்தர முழுங்கோணும்" என்பேன். நீ விழுங்கி முடிக்கும்வரை அவர் அத்தனை பேர் முன்னாலும் அதைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

அம்மா